காயாம்பூவுக்கு இரண்டு கேன்

தேனாம்பேட்டையில் சங்கரன் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இரண்டு சங்கரன்கள் இருந்தார்கள். ஒருவர் யூனியன் சங்கரன். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். கேன்டீன் மாஸ்டர் முதல் கிளை மேலாளர் வரை அவரைத் தெரியாத ஆளில்லை. நம்மவருக்குக் கிடைத்த பெயர் ‘இன்னொரு சங்கரன்’. போனை எடுத்து, சங்கரன் பேசுகிறேன் என்பார். மறுமுனையில் குரல் மலரும். விஷயம் புரிந்ததும், ஓ, நீங்களா, அவர் இல்லையா என்று சுருதி இறங்கிவிடும். பெரிய துக்கமென்று சொல்ல முடியாது. ஆனால் சட்டைக் காலரில் தைத்த லேபிள் மாதிரி ஒரு சின்ன விஷயம் முப்பத்திரண்டு வருஷம் கழுத்தை அரித்துக்கொண்டே இருந்தால் மனுஷன் என்ன ஆவான்?

குடியிருந்தது மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், எட்டு வீடுகள் கொண்ட ஃப்ளாட்டில். மனைவி ஸ்ரீலக்ஷ்மி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவில் நாலு எட்டு வைத்தால் யாராவது ஒரு பழைய மாணவி வந்து, மிஸ், என்னைத் தெரிகிறதா என்று வழிமறிப்பாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு நிற்கும் சங்கரன் அவர்கள் கண்ணில் பட்டதாகவே தெரியாது.

நாற்பத்தாறாவது வயதில் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். பார்க்கில் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்ததில் ஒரே மாதத்தில் அலுத்துப்போனது. அந்தச் சமயத்தில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பூணூல் கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் இடம் கிடைக்கிற வரைக்கும் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த முள்ளுக்காட்டில் காலாற நடந்தார். தரையோடு தரையாக முள்ளைப் பரப்பிக்கொண்டு ஊதா நிறத்தில் ஒரு பூ. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார். கண்டங்கத்திரி என்றாள். சங்கரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயசிலிருந்து இருமலுக்கு அந்தப் பெயரில் லேகியம் தின்றிருக்கிறார், முகத்தைப் பார்த்ததில்லை.

அன்று பிடித்தது பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூக்கில் தயிர்சாதத்தைப் போட்டுக்கொண்டு தன் பழைய காரில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துவிடுவார். தும்பை, நெருஞ்சி, ஆவாரை, மழை விட்ட பிறகு வேலியில் ஏறும் செங்காந்தள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயரைக் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு சாயங்காலத்துக்குள் வீடு திரும்புவார். ஆபீஸில் ஒரு அம்மாள், தானும் வரலாமா என்றாள். அடுத்த மாதம் நாலு பேர். மூன்றாவது வருஷம் வேன் வைக்கவேண்டி வந்தது. அப்புறம் ஒரு நாள் மாடவீதியில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ, "பூ சார்" என்று கூப்பிட்டார்கள். சங்கரன் திரும்பினார். ஸ்ரீலக்ஷ்மியும் பக்கத்தில்தான் இருந்தாள். அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் கேலி செய்தாள். அவருக்கு முருங்கைக்காயின் கனமே தெரியவில்லை.

பூ சாருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் முக்கால் பங்கு காயாம்பூவுக்குத்தான். மயிலாப்பூரில் கண்ணன் நிறத்துக்குக் காயாம்பூவைச் சொல்லாத வாய் கிடையாது. பாட்டுக் கிளாஸிலும் பஜனையிலும் தினம் அடிபடும் பெயர். பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்க ஆளிருக்காது. பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் பிரியும் ஒரு மண் ரோட்டில், பாறைக் குன்றின் அடியில் இருந்தது அந்தப் புதர். ஆட்டுக்காரர்கள் காசா என்பார்கள். வருஷம் முழுக்கப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு பச்சைப் புதர்தான். பங்குனிக் கடைசியில் எங்கேயோ ஒரு தூறல் விழுந்த கையோடு, கிளை தெரியாமல் அடை அடையாக நீலத்தை அப்பிக்கொண்டு நிற்கும். பத்து நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும். முதல் தடவை கூட்டிப்போய் அதைக் காட்டியபோது ஒரு பாட்டு டீச்சர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அதிலிருந்து பங்குனியின் கடைசி ஞாயிறுகளில் ஒன்று ‘காயாம்பூ ஞாயிறு’ ஆயிற்று. வேனில் பதினெட்டு சீட். ஐம்பது பேர் கேட்பார்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஐப்பசியும் கார்த்திகையும் வெறும் மூட்டத்தோடு போயின. தை மாதப் பயணத்தில் ஆவாரம்பூ மட்டும் கிடைத்தது. மாசியில் அதுவுமில்லை. எருக்கும் புழுதியும்தான். ராயப்பேட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஃபிசா என்ற பெண் எல்லாப் பயணத்துக்கும் வருவாள். எந்த நாள், எந்த இடம், எது பூத்தது என்று தேதி போட்டு எழுதிவைப்பாள். அவள்தான் சொன்னாள், இந்த வருஷம் பூக்கவில்லை என்றால் பூக்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாம் சார், அதுவும் ஒரு பதிவுதானே என்று. சங்கரன் அப்போதே சரி என்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

ஆனால் மாசிப் பயணம் முடிந்து திரும்பும்போது வேனில் பின்சீட்டிலிருந்து ஒருவர், அடுத்த தடவை பெசன்ட் நகர் பீச்சுக்கே போய்விடலாம், பஜ்ஜியாவது கிடைக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. சங்கரனும் கூடச் சிரித்தார். மறுநாள், காயாம்பூ ஞாயிறுக்குப் பதிவு செய்திருந்தவர்களில் ஆறு பேர் வரவில்லை என்று செய்தி அனுப்பினார்கள். அன்று ஆபீஸில் போனை எடுத்தபோது, அவர் இல்லையா என்ற பழைய கேள்வி வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது.

இனி தண்ணீர்ச் சங்கதி. ஃப்ளாட்டில் போர் வற்றி, குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு லாரித் தண்ணீர் வாங்கித் தரைத்தொட்டியில் நிரப்பினார்கள். சம்ப் மூடியின் பூட்டுச் சாவியும் மோட்டார் ஸ்விட்சும் சங்கரன் பொறுப்பு. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. ஒரு நிமிஷம் கூடாது, குறையாது. ஃப்ளாட் சங்கத் தலைவர் இரண்டாம் மாடி சுப்பராமன், சங்கரன் கையில் இருந்தால் ஒரு சொட்டு வீணாகாது என்று கூட்டத்திலேயே சொல்லியிருந்தார். கீழே போர்டில் சங்கரன் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: வேலைக்கு வருகிறவர்கள் கட்டடத்திலிருந்து தண்ணீர் எடுத்துப் போகக் கூடாது.

அந்தக் கட்டடத்தில் நாலு வீட்டில் வேலை செய்தவள் அன்புக்கரசி. சங்கரன் வீடும் சுப்பராமன் வீடும் அதில் சேர்த்தி. முன்பு அடையாறு ஆற்றோரத்தில் இருந்தவள். அங்கிருந்து எல்லோரையும் கிளப்பிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, விடியற்காலையில் இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கு வருகிறவள். பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள், பாத்திரம் கழுவிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சங்கரன் முன்னால் வந்து நின்றாள்.

"சார், மூணு நாளா எங்க பிளாக்குக்கு லாரி வரல. ஒரே ஒரு கொடம் புடிச்சிக்கினு போறேன். பஸ்ல வச்சி எடுத்துனு போய்டுவேன்."

அவர் பேப்பரைக்கூட மடிக்கவில்லை. "ஒனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும், அன்பு. ரூல் போட்டதே நான். நானே மீறினா நன்னாவா இருக்கும்?" என்றார்.

அவள் சரி சார் என்று போய்விட்டாள். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீலக்ஷ்மி, ஒரு குடம்தானே என்றாள். சட்டம் என்றால் சட்டம் என்று சங்கரன் விளக்கினார். விளக்கும்போது தன் நேர்மையில் அவருக்கு ஒரு மெல்லிய திருப்திகூட இருந்தது. அதை மறைப்பானேன்.

அந்த வாரத்து ஞாயிறு, மோட்டார் போடக் கீழே இறங்கிய சங்கரன், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் சம்ப் மூடியைத் திறந்து, இருபது லிட்டர் கேன்கள் இரண்டை நிரப்பிக் கார் டிக்கியில் ஏற்றினார். எழுபது கிலோமீட்டர் ஓட்டிப்போய்க் காயாப் புதரைச் சுற்றிக் குச்சியால் பாத்தி கட்டி, ஒரு பிளாஸ்டிக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினார். காய்ந்த மண் சுர்ரென்று குடித்தது. இரண்டு கேனும் தீர்ந்ததும் ஈரம் தெரியாமல் சருகை அள்ளி மேலே பரப்பினார். சருகை அள்ளும்போதுதான் அவருக்கே தெரிந்தது, தான் செய்வது திருட்டு என்று. நல்ல காரியம் செய்கிறவன் எதற்குச் சருகைப் போட்டு மூடுகிறான்?

இருந்தாலும் மனசு சும்மா இருக்குமா? தன் வீட்டுப் பங்குத் தண்ணீரைத்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டார். அதற்கு ஈடாக இரண்டு நாள் அரை பக்கெட்டில் குளித்தார். மூன்றாம் நாள் மறந்துபோனது. அடுத்த புதன்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மறுபடி இரண்டு கேன். அப்புறம் ஞாயிறு, புதன், ஞாயிறு, புதன். எங்கே போகிறீர்கள் என்று ஸ்ரீலக்ஷ்மி கேட்டால், வழி பார்த்துவைக்க என்றார். ஐந்தாவது தடவை கிளையின் கணுக்களில் கடுகு கடுகாக ஏதோ புடைத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மொட்டு. அந்த வெயிலில், ஆளில்லாத காட்டில், ஐம்பத்தாறு வயது மனிதர் தனியாக நின்று சிரித்தார். கூச்சமும் இருந்தது. ஆனால் சந்தோஷம் பொங்கியதில் கூச்சம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

உடனே குழுவுக்குச் செய்தி அனுப்பினார், காயா மொட்டு விட்டிருக்கிறது என்று. வரவில்லை என்ற ஆறு பேரும் மறுபடி சீட்டுக் கேட்டார்கள்.

காயாம்பூ ஞாயிறு வந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தூக்கி இறக்க ஒரு ஆள் வேண்டுமென்று ஸ்ரீலக்ஷ்மி அன்புக்கரசியை அழைத்திருந்தாள். சங்கரனுக்கு அது வேன் கிளம்பும்போதுதான் தெரியும். ஓரத்து சீட்டில், மடியில் புளியோதரைத் தூக்கை அணைத்துப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். தாம்பரம் தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இந்தப் பக்கமெல்லாம் வந்ததேயில்லை என்று ஸ்ரீலக்ஷ்மியிடம் சொன்னது சங்கரன் காதில் விழுந்தது.

இறங்கியதும் சங்கரன் கூட்டத்தைக் குன்றின் மறுபக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனார். அது அவர் வழக்கம். வெறும் பாறையையும் முள்ளையும் கால் மணி நேரம் காட்டிவிட்டுத் திருப்பத்தில் திடீரென்று நீலத்தைக் காட்டுவார். அதற்குள் அன்புக்கரசி பாத்திரங்களோடு நேர்வழியில் வந்து, புதருக்குப் பக்கத்தில் கிடைத்த நிழலில் ஜமக்காளத்தை விரித்துவிட்டாள்.

திருப்பத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். சுற்றிலும் எல்லாச் செடியும் சுள்ளியாகக் காய்ந்து கிடக்க, நடுவில் அது ஒன்று மட்டும் பூத்திருந்தது. போன வருஷங்களைப் போல முழுசாக இல்லை, பாதிப் புதர்தான். ஆனாலும் என்ன நீலம். கூட வந்திருந்த சுப்பராமன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வந்து சங்கரனின் கையைப் பிடித்தார்கள், அவர்தான் பூத்தது போல. உண்மையில் அது அவ்வளவு தவறுமில்லை என்பதுதான் வேடிக்கை.

ஃபிசா மட்டும் பூவைப் பார்க்காமல் குனிந்து அடியைப் பார்த்தாள். நூறு அடி தள்ளி இன்னும் இரண்டு காயாப் புதர்கள் இருந்தன. இரண்டிலும் ஒரு மொட்டில்லை. இது மட்டும் எப்படிப் பூத்தது என்று அவளுக்குப் புரியவில்லை. சருகை விலக்கி மண்ணைத் தொட்டாள். நிமிர்ந்து கேட்டாள், "சார், இங்க மட்டும் ஈரமா இருக்கே?"

முந்தைய நாள்தான் சங்கரன் கடைசியாக ஒரு தடவை வந்து, நிச்சயத்துக்காக நாலு குவளை அதிகமாகவே ஊற்றிவிட்டுப் போயிருந்தார். இப்போது எல்லா முகமும் அவரைப் பார்த்தன. ஊற்று இருக்கலாம், பாறைக் கசிவு இருக்கலாம் என்று என்னென்னவோ தோன்றியது. எதைச் சொன்னாலும் ஃபிசா நம்பமாட்டாள் என்றும் தோன்றியது.

ஜமக்காளத்தின் ஓரத்திலிருந்து அன்புக்கரசி எழுந்தாள். "நான்தாம்மா. கை கழுவ கொண்டாந்த தண்ணில அண்டா வௌக்கி அங்கதான் ஊத்துனேன். தெரியாம ஊத்திட்டேன்" என்றாள்.

ஃபிசா அவளைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், நோட்டை மூடினாள். சுப்பராமனுக்குத்தான் கோபம் வந்தது. ஊரே ஒரு குடத்துக்கு அலைகிற வருஷத்தில் தண்ணீரை இப்படியா கீழே கொட்டுவது, உங்களுக்கெல்லாம் தண்ணீரின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு குடம் தண்ணீர் கேட்டு நின்றவளைப் பார்த்து இந்தப் பேச்சு.

வாயைத் திறக்கவேண்டிய இடம் அதுதான். சங்கரன் திறக்கவும் செய்தார். அங்கேதான் விபரீதம். "போறும் விடுங்கோ, பாவம், தெரியாம பண்ணிட்டா" என்றார்.

தான் செய்த தப்புக்கு அவளை மன்னித்துவிட்டார். பெரிய மனசு என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. அன்புக்கரசி தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு, இலை போட உட்கார்ந்தாள். சங்கரன் புளியோதரையை இலையோரத்தில் ஒதுக்கிவைத்தார். திரும்பி வரும்போது வேனில் பாட்டுப் பாடினார்கள். சங்கரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் அவள் மோட்டார் அறைப் பக்கம் கேன்களைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சங்கரன் பக்கத்தில் போய், நேற்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒரு மாசமா நான்தான் சார் இத்த கழுவறேன். அடியில செம்மண்ணு ஒட்டிக்கினு கீது. மயிலாப்பூர்ல ஏது செம்மண்ணு? அங்க போய் எறங்குனதும் பாத்தேன், அதே மண்ணு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அத்தினி பேர் முன்னாடி நீங்க முழிச்சிக்கினு நின்னீங்க, பாக்க ஒரு மாதிரி ஆயிட்ச்சி" என்றாள். குரலில் குத்தலே இல்லை. குத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சங்கரன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வேலை இருக்கிறது சார் என்று அவள் மாடிப்படி ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்குத் தண்டனையாகவே நடந்தது. காயாம்பூப் படம் ஊரெல்லாம் சுற்றியது. ஒரு வட்டாரப் பத்திரிகை, வறட்சியிலும் பூவைத் தேடிக் கண்டுபிடித்த மயிலாப்பூர்க்காரர் என்று அவர் போட்டோவைப் போட்டது. ஆபீஸில் யூனியன் சங்கரன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டீஸ் போர்டில் குத்தி, இனிமேல் நான்தானய்யா இன்னொரு சங்கரன் என்று முதுகில் தட்டினார். முப்பத்திரண்டு வருஷம் ஏங்கிய வார்த்தை. சங்கரனோ லஞ்ச் டைமில் போர்டு இருக்கும் வராந்தாவைத் தவிர்த்துப் பின்படியில் இறங்கிப் போனார். வீட்டில் அன்புக்கரசி வருகிற நேரம் பார்த்துக் குளிக்கப் போனார். இரண்டு வாரம் இப்படி ஒளிந்து திரிந்தார்.

கடைசியில் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து போனில் தட்டினார். நீளமான செய்தி. நாலு வாரம் தண்ணீர் சுமந்துபோனது, சம்ப்பிலிருந்து எடுத்தது, சருகு போட்டு மூடியது, தன் பெயருக்கு ஆசைப்பட்டது என்று ஒன்று விடாமல் எழுதினார். இயற்கையிடம் பொய் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று முடித்தார். படித்துப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்தது. இரண்டு இடத்தில் வார்த்தைகளைத் திருத்தி இன்னும் அழகாக்கினார். பூக் குழுவுக்கும் அனுப்பினார், ஃப்ளாட் குழுவுக்கும் அனுப்பினார்.

காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தார். வந்ததெல்லாம் கும்பிடும் கைகள். இந்தக் கோடையில் ஒரு காட்டுச் செடிக்குத் தண்ணீர் சுமந்த மனசு யாருக்கு வரும் என்றார்கள். ஃபிசா மட்டும், அந்தத் தேதிப் பதிவை அடித்துவிடுகிறேன் சார் என்று ஒரு வரி அனுப்பினாள். சுப்பராமன் ஃப்ளாட் குழுவில், சங்கரன் எடுத்த தண்ணீரைச் சங்கம் தானமாகக் கருதுகிறது என்று எழுதினார். அன்று சங்கரன் படுத்ததும் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் அவராகவே அன்புக்கரசியைத் தேடிப் போனார். அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன் என்றார். அவளுக்கும் தெரியட்டும் என்று போனை எடுத்து முழுச் செய்தியையும் வாசித்துக் காட்டினார். அவள் கையில் சாம்பலோடு அசையாமல் நின்று கேட்டாள். வாசித்து முடித்ததும் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

"அந்த மேல் ஊட்டு மாமாகிட்ட, தண்ணி கொட்னது நான் இல்லன்னு சொன்னீங்களா சார்?" என்று கேட்டாள்.

சங்கரன் போனைப் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

அவள் அவசரமில்லாமல் சொன்னாள், அந்த வீட்டில் அன்றிலிருந்து பாத்திரம் தேய்க்க இரண்டு பக்கெட் அளந்து வைத்துவிடுகிறார்களாம். மாமி வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். நேற்று ஒரு சட்டியில் எண்ணெய் போகவில்லை, இன்னும் ஒரு சொம்பு கேட்டதற்கு, நீதான் தண்ணீரைக் கொட்டுகிறவளாச்சே என்றாளாம். "பதிமூணு வருசமா அந்த ஊட்ல செய்யறேன். அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, குழாய்ப் பக்கம் திரும்பிச் சட்டியை எடுத்தாள்.

அவ்வளவு நீளச் செய்தியில் செடி இருந்தது, மண் இருந்தது, சருகுகூட இருந்தது. அன்புக்கரசி இல்லை. மறைக்கவேண்டும் என்று அவர் மறைக்கவில்லை. எழுதும்போது நினைப்பில் வரவேயில்லை. அதுதான் அவரை அங்கேயே நிற்கமுடியாமல் செய்தது. ஸ்ரீலக்ஷ்மி ஹாலிலிருந்து எதையோ கேட்டாள். அவர் செருப்புக்கூடப் போடாமல் மாடி ஏறினார்.

சுப்பராமன் கதவைத் திறந்ததுமே கையைப் பிடித்துக்கொண்டார். நேற்று படித்துவிட்டுத் தானும் மாமியும் கண்கலங்கிப் போனதாகச் சொன்னார். சங்கரன் உள்ளே போகவில்லை.

"அன்னிக்கு அன்பு தண்ணி கொட்டலை. என்னைக் காப்பாத்தறதுக்காக அப்படிச் சொன்னா. நீங்க அவளைத் திட்டினதெல்லாம் என்னைத் திட்டியிருக்கணும். நான் பாத்துண்டு நின்னேன். உங்காத்துல பக்கெட் அளந்து வைக்கறேளாமே, அதை நிறுத்திடுங்கோ" என்றார்.

சுப்பராமன் விழித்தார். என்றைக்கு, யாரைத் திட்டினேன் என்று கேட்டார். சங்கரன் காட்டிலே நடந்ததை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. புரிந்ததும் சுப்பராமன் சிரித்துவிட்டார். கெட்ட மனிதரில்லை. சங்கரனின் தோளில் கையைப் போட்டார்.

"இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தேள்? அவ அதெல்லாம் மனசுல வச்சுண்டிருக்கவே மாட்டா. உள்ள வாங்கோ, காபி சாப்பிடலாம்."

சங்கரனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாய்வரை வந்த வார்த்தையை வெளியே விடமுடியாமல் வாசற்படியிலேயே நின்றார். கால் மணி நேரத்துக்கு முன்னால் வரை அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.